பழந்துணிப் போர்வை: வீட்டிலேயே செய்யத்தக்க ஓர் உபதொழில்

அறுவடை முடிந்த பின்பும் மழை விடாது பெய்யும் நாட்களிலும் கிராமங்களில் வேலையின்றிக் கழியும் நேரம் மிகுதி என்பது யாவரும் அறிந்ததே. அந்நேரத்திற்குரிய உபதொழில்களைப் பற்றிப் பேசுமிடத்துத் தேனீ வளர்த்தல், கோழி வளர்த்தல், பாய் முடைதல் என்பவை சொல்லப்படுவது வழக்கம். அவற்றிற்கெல்லாம் ஏதேனும் முதல் வேண்டும். பெட்டியின் அடியில் கிடக்கும் பழந்துணி, ஓர் ஊசி, சிறிது நூல் இவற்றை மாத்திரம் கொண்டு தொடங்கத்தக்க தொழில் ஒன்று உண்டு. அது துணிகளை அடுக்கித் தைத்து விரிப்பும் போர்வையும் செய்வது. நம் வீடுகளிலும் பாட்டிமார் பழம்புடவையை நான்காக மடித்து மூட்டித் தொட்டிற் குழந்தைக்கு விரிப்பதுண்டு. அவ்வேலை அவ்வளவோடு நின்றுவிட்டது. அதையே ஓர் அழகிய கலையாக வளர்த்தவர்கள் வங்காள ஸ்திரீகள்.

அவர்கள் செய்யும் விரிப்புக்குக் காந்தா என்று பெயர். ஒட்டுப்போட்ட துணியைக் குறிக்கும் வடசொல் அது. நாம் வழங்கும் ‘கந்தை’ என்னும் சொல்லும் அதற்கு உறவே. நாம் கந்தையென்று எறிவதை அவர்கள் கல்யாணச் சீராக அனுப்பினார்கள். குளிர்காலத்தில் போர்த்துக்கொள்ளும் தடித்த ‘லேப்’, விருந்தினருக்கு விரிக்கும் ‘சுஜனி’, புஸ்தகங்களைச் சுற்றி வைக்கும் சதுரமான ‘பைதன்’, கண்ணாடியும் சீப்பும் சுருட்டி வைக்கும் ‘ஆர்ஷிலதா’ என்று உபயோகத்திற்கேற்ப அவற்றிற்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. இவற்றின் அருமையை உணர்ந்து கிராமங்கள் தோறும் தேடிச் சேகரித்தவர் குருசதய தத்தர் என்னும் ஐ.ஸி.எஸ். உத்தியோகஸ்தர் (1882-1941). கிராமப் புனருத்தாரணத்தில் பெரிதும் உழைத்தவரும் அவரே. அவருடைய பத்தினியார் சரோஜ்நளினி தேவியார் வங்காள ஜில்லாக்களில் மகளிர் சமிதிகளை ஏற்படுத்தினார். அவர் 1925-ல் காலமான பின்பு அவர் பெயராலேயே ஒரு சங்கம் நிறுவப்பட்டு அவ்வேலை தொடர்ந்து நடந்தது.

செய்யும் முறை வருமாறு. முதலில் துணியைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். பலமுறை துவைத்த பருத்திப் புடவையும் வேஷ்டியுமே உத்தமம். அவை இனிச் சுருங்கமாட்டா. ஊசியும் தடையின்றி இறங்கும். புதுத்துணி சேர்ப்பதானால் அதை முன்னதாக நனைத்து உலர்த்திக்கொள்ளாவிடில், பிற்பாடு அது மாத்திரம் சுருங்கி விரிப்பு முழுவதும் கோணலாகிவிடும். பாலியெஸ்டர் கலந்த துணியைப் பருத்தியோடு சேர்ப்பது நன்றன்று. பனியன் துணியும் அப்படியே. தையலுக்கு இழுபட்டு வரிசையைக் கெடுக்கும். ஒவ்வொரு துணியையும் இரு கைகளாலும் பிடித்து இழுத்துப் பார்த்து, உறுதியானவற்றை மேலும் கீழும் வைக்கவேண்டும். சிறிது நைந்தவை நடுவில் இருக்கலாம். இழுத்தவுடன் கிழிவதை எடுத்து வைப்பது வீண் உழைப்பு.

மூன்று முதல் ஐந்து அடுக்கு விரிப்புக்குப் போதும். மெழுகி உலர்ந்த தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் சிறிதுமின்றி நீவி, நான்கு மூலைகளிலும் பாரம் வைக்கவேண்டும். இந்த ஒரு காரியத்தில் அவசரப்படுகிறவர்கள் கடைசிவரையில் கஷ்டப்படுவார்கள். பிறகு ஓரங்களை உள்ளே மடித்துத் தைத்து, ஒரு சாண் இடைவெளி விட்டு நீண்ட தையல்களால் அடுக்குகளைத் தற்காலிகமாகப் பிணைத்துவிட்டால், அப்பால் அதை மடியில் வைத்துக்கொண்டே வேலை செய்யலாம். தையலோ எளிதான ஓட்டத் தையல்தான். மேலே தெரியும் தையலும் கீழே தெரியும் தையலும் ஒரே அளவாக இருந்தால் விரிப்பை இருபுறமும் உபயோகிக்கலாம். முடிச்சுகளை அடுக்குகளுக்கிடையே மறைத்துவிடவேண்டும்.

வங்காள ஸ்திரீகள் சித்திர வேலைக்குக் கடை நூலைத் தேடவில்லை. பழம்புடவையின் கரையிலிருந்து சிவப்பும் நீலமும் கறுப்புமான இழைகளை உருவி எடுத்தே தைத்தார்கள். நடுவில் தாமரையும் நான்கு மூலைகளிலும் மரமோ மாங்காய் வடிவமோ அமைப்பது சம்பிரதாயம். இடையில் யானை, மீன், பல்லக்கு, பின்னாளில் ரயில்வண்டிகூட இடம் பெறும். உருவங்களுக்கு வெளியேயுள்ள வெற்றிடத்தையும் விடாமல், உருவத்தின் விளிம்பையே தொடர்ந்து வெள்ளை நூலால் சுற்றிச்சுற்றித் தைத்து வருவார்கள். அதனால் துணியின் மேல் ஆற்று மணலில் காற்று எழுதினாற்போன்ற நெளிவு உண்டாகிறது. காந்தாவின் அழகில் பாதி அந்நெளிவிலேதான் இருக்கிறது.

வேறொரு முறையைக் கர்நாடகத்தின் உத்தர கன்னட ஜில்லாவில் காணலாம். அங்கே ஆப்பிரிக்க வம்சத்தவரான சித்தி ஜாதியார் வசிக்கின்றனர். அவர்களில் ஸ்திரீகள் செய்யும் ‘கவந்தி’ பல நிறத் துண்டுகளை ஒட்டித் தைத்தது. காந்தாவைப் பொதுவாக நடுவிலிருந்து வெளியே தைத்து வந்தால் சுருக்கம் ஓரத்துக்குத் தள்ளப்படும். கவந்தியோ மூலையில் தொடங்கி ஓரத்தைச் சுற்றிக்கொண்டே நடுவுக்குச் செல்வது. துண்டுகளை முன்கூட்டி முழுவதும் பரப்பிவிடாமல், ஒன்றைத் தைத்தபின் அடுத்ததை அதன் விளிம்பில் செருகிச் சேர்ப்பதால் சுருக்கத்துக்கு இடமில்லை. நான்கு மூலைகளிலும் முக்கோணமாய் மடித்த துண்டுகளைப் பூவென்று வைத்துத் தைப்பார்கள். பூவில்லாத கவந்தி அவர்களுக்கு முடிந்த கவந்தியாகாது. முன்பின் வரைந்து பழகாதவர்களுக்கு இம்முறையே சுலபம் என்று தோன்றுகிறது. பள்ளிச் சீருடை தைக்கும் நமது மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்களில் வெட்டிக் கழியும் துண்டுகளுக்கும் இது பொருந்தும்.

இனி, சங்க அங்கத்தினர்கள் முக்கியமாய்க் கவனிக்கவேண்டியது கூலிக் கணக்கு. 4 அடி அகலமும் 6 அடி நீளமும் உள்ள ஒரு விரிப்பில் கால் அங்குலத்துக்கு ஒரு வரிசை தைத்தால் 192 வரிசைகள் ஆகும். அங்குலத்துக்கு நான்கு தையல் என்றால் ஒரு வரிசைக்கு 288. ஆக மொத்தம் 55,296 தையல்கள். பழகிய கை மணிக்கு ஐந்து வரிசை முடிக்கும் என்று வைத்துக்கொண்டாலும், சித்திர வேலை நீங்கலாக 38 மணி நேரத்துக்கு மேல் செல்லும். அதை ஒரு வியாபாரி வாயிலில் வந்து 200 ரூபாய்க்கு வாங்கிச் சென்றால், துணிக்கும் நூலுக்கும் ஒரு காசும் கணக்கிடாமலே, மணிக்கு ஐந்து ரூபாயும் சில பைசாவுமே கூலியாகிறது. ‘சும்மா இருந்த நேரந்தானே’ என்று வீட்டிலுள்ள ஆண்களே சொல்லுவதுண்டு. அச்சொல்லே வியாபாரிக்குப் பெருத்த உதவி.

தனியாக நிற்கும் ஸ்திரீக்கு விலை சொல்லும் சக்தி இல்லை. சங்கமாய்ச் சேர்ந்தால் உண்டு. இதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் காட்டலாம். அலபாமா மாகாணத்தின் வில்காக்ஸ் பகுதியில், அடிமைகளாயிருந்தவர்களின் சந்ததியாரான நீக்ரோ ஸ்திரீகள் தேய்ந்த வேலையுடுப்புகளைக் கிழித்துப் போர்வை தைத்து வந்தார்கள். வோட்டுரிமை கோரியதற்காகச் சில குடும்பங்கள் குடியிருந்த நிலத்தினின்றும் வெளியேற்றப்பட்டன. அச்சமயம் பிரான்ஸிஸ் வால்டர் என்னும் பாதிரியார் அவர்கள் போர்வைகளைக் கண்டு நியூயார்க் நகரில் ஏலத்தில் விற்க ஏற்பாடு செய்தார். 1966-ல் அந்த ஸ்திரீகள் ‘பிரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். சங்கம் நிலம் வாங்கித் தையற்கூடம் கட்டிற்று. வெளியேற்றப்பட்ட சிலருக்கு மனையும் கொடுத்தது.

அதன் பிற்காலச் சரித்திரமும் படிக்கத்தக்கது. 1972-ல் சீயர்ஸ் என்னும் பெரிய கம்பெனிக்குக் கார்டுராய்த் துணியில் தலையணை உறை தைக்கும் வேலை கிடைத்தது. நிலையான வருமானம் வந்தது உண்மை. ஆனால் எல்லா உறையும் ஒன்றுபோல் இருக்கவேண்டியதாயிற்று. ஒவ்வொருத்தியின் கைக்கும் உரிய கற்பனைக்கு அங்கே வேலையில்லை. மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளை அவர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று தத்தம் இஷ்டப்படி போர்வைகளாகத் தைத்தார்கள். அப்பகுதியிலுள்ள ஜீஸ் பெண்ட் என்னும் ஊரின் வீட்டுப் போர்வைகள்தாம் 2002-ல் ஹூஸ்டன் நகரக் கலைக்காட்சிசாலையிலும் பின்பு நியூயார்க்கிலும் சித்திரங்களைப்போல் சுவரில் தொங்கவிடப்பட்டன. சங்கமோ வேலை குறைந்து குறைந்து 2012-ல் மூடப்பட்டது.

ஆகையால் இத்தொழிலைத் தொடங்கும் சங்கம் ஒரே வியாபாரியின் ஆர்டரை நம்பியிருத்தல் கூடாது. வீட்டு உபயோகத்துக்கான சாதாரண விரிப்புகளை உள்ளூர்ச் சந்தையிலும், சித்திர வேலையுள்ளவற்றைக் கண்காட்சிகளிலும் என்று இருவழிகளில் விற்கலாம். பிஹார் மாகாணம் முஸபர்பூர் ஜில்லாவிலுள்ள பூசுரா கிராமத்தார் சுஜனி வேலையில் வரதக்ஷிணை, குடிப்பழக்கம் முதலிய தங்கள் சொந்தக் கஷ்டங்களையே சித்திரமாகத் தைத்து நாடறியச் செய்திருக்கின்றனர். வங்காளத் தாமரையை அப்படியே நகல் எடுப்பதைவிட, நம் ஊர்க் கோலமும் தேரில் தொங்கும் தொம்பையின் ஒட்டு வேலையும் நமக்கு அதிகம் கைவரும்.

நூலும் ஊசியும் சங்கமே மொத்தமாக வாங்கிக் கொடுக்கட்டும். ஒவ்வொரு விரிப்புக்கும் செய்தவர் பெயர், தொடங்கிய நாள், செலவான மணி, நூலின் விலை ஆகியவற்றைக் காரியதரிசி ஒரு புஸ்தகத்தில் பதிந்து, அதைப் பார்த்தே விலை வைக்கவேண்டும். விற்பனைக்கு அனுப்புமுன் ஒவ்வொன்றையும் இருமுறை துவைத்துப் பார்ப்பது அவசியம். சிவப்பு நூலில் சந்தேகமிருப்பின், தைக்குமுன்பே அதை நனைத்து வெள்ளைத் துணியில் ஓர் இரவு சுருட்டி வைத்தால், சாயம் இறங்குமா இறங்காதா என்பது காலையில் தெரிந்துவிடும்.