ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்: நோட்டில் பிரித்துப் பார்ப்பது எப்படி?

2,93,31,86,25,600. கிட்டத்தட்ட 29,332 கோடி. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படிப்பட்டவை உயர் பகு எண்கள். 1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜன் இவற்றைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதி, ஒரு பட்டியலும் தந்தார். அதில் இந்த எண் விடுபட்டுப்போனது.

இதன் காரணிகளை எண்ணிவிட பென்சிலும் அரைப் பக்கமும் போதும். எடுத்த எடுப்பில் வகுக்க ஆரம்பிக்க வேண்டாம். முதலில் எண்ணின் வாலைப் பாருங்கள்.

வாலில் இரண்டு சுழி. அதாவது 100, அதாவது 2² × 5². அதை எடுத்து ஓரமாக எழுதிவைத்தால் மிச்சம் 2,93,31,86,256. இது 6-ல் முடிவதால் 5-க்கு இனி வேலை இல்லை.

அடுத்து, ஒற்றைப்படை எண் வரும்வரை பாதியாக்குங்கள். நான்கே தடவையில் 18,33,24,141 வந்துவிடும். ஆக மொத்தம் 2⁶.

இப்போது இலக்கங்களைக் கூட்டுங்கள்: 27. அப்படியானால் 9-ஆல் மீதியின்றி வகுபடும், ஈவு 2,03,69,349. இதன் கூட்டுத்தொகை 36, மறுபடி 9-ஆல் வகுத்தால் 22,63,261. இதன் கூட்டுத்தொகை 22. 3 இங்கே நின்றுவிடுகிறது: 3⁴.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிதான். லட்சத்துக்கான காற்புள்ளிகளை அழித்துவிட்டு, வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 2 | 263 | 261. மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் 261 − 263 + 2 = 0. சுழி வந்தால் அந்த எண் 1001-ஆல் வகுபடும். 1001 என்பது 7 × 11 × 13. ஒரே வீச்சில் மூன்று பகா எண்கள் கையில்! ஈவு 2261. அதை 7-ஆல் வகுக்க 323. பதினெட்டின் வர்க்கம் 324, அதில் ஒன்று குறைவு; ஆகவே 17 × 19.

சேர்த்து எழுதினால்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

அடுக்குகள் எங்கும் ஏறவில்லை, கவனியுங்கள். ஏறவும் முடியாது. 5-ஐவிட 7-க்குப் பெரிய அடுக்கு இருந்தால், இரண்டு அடுக்குகளையும் இடம் மாற்றி, அதே அளவு காரணிகளுள்ள சிறிய எண்ணைச் செய்துவிடலாமே.

எண்ணிக்கைக்கு ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும். ஒரு காரணியில் 2 ஆறு முறையும் வரலாம், ஒரு முறைகூட வராமலும் இருக்கலாம். ஆக ஏழு வழிகள். 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. ஒன்றைக் கூட்ட மறந்தால் வெறும் 96 வரும். பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

கை ஓயவில்லை என்றால் இதையே 23-ஆல் பெருக்குங்கள். காரணிகள் இரட்டிப்பாகி 10,080 ஆகும். கிடைக்கும் 67,46,32,83,88,800-தான் ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்.