ஓடைக்கும் ஒரு மறுகால் வேண்டும்

கேள்வி: நாகர்கோவிலில், முன்பு வயலாக இருந்த இடத்தில் பிளாட் போட்டு உருவான தெருவில் குடியிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் கான்கிரீட் ஓடை கட்டித் தந்தார்கள். சாதாரண மழைக்குக் குறையில்லை. ராத்திரி முழுக்க அடித்துப் பெய்தால் ஓடை நிறைந்து தண்ணீர் வீட்டுப் படியேறுகிறது. ஓடையை இரண்டு மடங்கு அகலமாக்கச் சொல்லி மாநகராட்சிக்கு மனு கொடுப்போம் என்கிறார்கள் தெருக்காரர்கள். அது போதுமா ஐயா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: மனு கொடுங்கள். ஆனால் கேட்பதை மாற்றிக் கேளுங்கள்.

எந்த ஓடையும் ஓரளவு மழைக்குத்தான் கட்டப்படுகிறது. ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை, பெரிய நகரமானால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழையைக் கணக்கில் வைத்து அகலத்தையும் ஆழத்தையும் தீர்மானிப்பார்கள். அதற்கு மேல் பெய்தால் நிறையும். அது ஓடையின் குற்றமல்ல. நீங்கள் இரண்டு மடங்கு கேட்டு வாங்கினாலும் அதையும் மிஞ்சுகிற மழை ஒருநாள் வரும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. பத்து சென்ட் மனை ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 3.8 லட்சம் லிட்டர். இதற்கு ஓடை கட்டுவதென்றால் தெருவையே ஓடையாக வெட்ட வேண்டியதுதான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ஓடை நிறைந்த பிறகு தண்ணீர் எங்கே போகும் என்பது. நாஞ்சில் நாட்டில் குளம் வெட்டியவர்கள் இதை முதலிலேயே கேட்டுக்கொண்டார்கள். கரையில் ஓரிடத்தைக் கல்லால் கட்டித் தாழ்த்தி மறுகால் வைத்தார்கள். மட்டம் மிஞ்சினால் தண்ணீர் அந்த வழியாக அடுத்த குளத்துக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு, கடைசியில் பழையாற்றுக்கும் மணக்குடிப் பொழிமுகத்துக்கும் போகும். குளம் நிறையும் என்பதை ஒப்புக்கொண்டு செய்த வேலை அது. மறுகால் இல்லாத குளத்தில் தண்ணீர் தானே வழி தேடிக்கொள்ளும், கரையை உடைத்துக்கொண்டு. நம் தெரு ஓடைகளுக்கு மறுகாலே இல்லை. உங்கள் வீட்டுப் படிதான் அந்த வேலையைச் செய்கிறது.

2021 நவம்பர் நடுவில் நடந்தது நினைவிருக்கும். அணைகளைத் திறந்தார்கள், பழையாறு கரை கடந்தது, திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றன. அப்படிப்பட்ட நாளில் ஓடைத் தண்ணீரை ஆறு வாங்கிக்கொள்ளாது. ஆறு இறங்கும்வரை சில மணி நேரம் ஊருக்குள்ளேயே எங்காவது நிறுத்தியாக வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதை மழைக்கு முன்பே நாம் தீர்மானித்தால் அது திட்டம்.

விளையாட்டுத் திடல், பூங்கா, வாகன நிறுத்தம், பள்ளி மைதானம் எல்லாம் இதற்கு உதவும். ஒரு ஏக்கர் மைதானத்தை ஒன்றரை அடி தாழ்த்தினால் 18 லட்சம் லிட்டர் கொள்ளும். 10 செ.மீ. மழையில், 45 பத்து-சென்ட் மனைகளின் மொத்தத் தண்ணீர் அது. ஆண்டில் மிச்ச நாளெல்லாம் பிள்ளைகள் பந்து விளையாடலாம். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 2013-இல் பெந்தம்பிளைன் என்ற சதுக்கத்தை இப்படித்தான் கட்டினார்கள்; மழை நாளில் கூடைப்பந்துத் திடலே தொட்டியாகிவிடும். கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2 அன்று பெய்த மழை நகரத்தை மூழ்கடித்தது. அடுத்த ஆண்டே திட்டம் போட்டார்கள்: நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழையிலும், தண்ணீருக்கென்று ஒதுக்கிய இடங்களைத் தவிர, தெருவில் 10 செ.மீ.க்கு மேல் நிற்கக் கூடாது. தண்ணீரே நிற்காது என்று அவர்கள் வாக்குக் கொடுக்கவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

தெருவிலிருந்து மைதானம் வரை தண்ணீர் போவதற்குச் சாலையே வாய்க்கால். அதற்குச் சாலை வீடுகளை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். இங்கே நடப்பதோ தலைகீழ். பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு வீடு பள்ளமாகிவிட்டது. மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு அறிவுறுத்தியதை உங்கள் மனுவில் குறிப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பக்கத்தில் சானல் ஓடுகிறதே, அதில் திருப்பிவிட்டால் என்ன என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஆறு போகப் போக அகலும். பாசனச் சானல் வயலுக்குத் தண்ணீர் பிரித்துக் கொடுத்தபடி போவதால் கடைமடையை நெருங்க நெருங்கக் குறுகும். அதன் வாலில் மழைவெள்ளத்தை விட்டால் கரை உடைந்து வேறொரு தெரு மூழ்கும். குளத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கலாமே என்பார்கள்; கும்பப்பூ நெல் நட்டவர் சண்டைக்கு வருவார், நியாயமும் அவர் பக்கம் உண்டு. குளத்தில் பேச வேண்டியது மறுகால் ஓடை ஆக்கிரமிப்பைப் பற்றி.

கேள்வி: மைதானத்தில் தண்ணீரை நிறுத்தினால் கொசு வராதா? பிள்ளைகள் விழுந்துவிட்டால்? மழைநீர்ச் சேகரிப்புக் குழி தோண்டினாலே தண்ணீர் இறங்கிவிடாதா?
— ஒரு ஆசிரியை, தக்கலை

பதில்: கொசு முட்டையிட்டுப் புழுவாகி வெளிவர ஒரு வாரமாவது வேண்டும். ஓரிரு நாளில் வடிகிறபடி அடியில் சிறு குழாய் வைத்தால் அந்தப் பயமில்லை. வடியாமல் நின்றால் அது கட்டியவர் தவறு. ஓடையில் கழிவுநீர் கலக்கிற இடமென்றால் முதலில் அதைப் பிரிக்க வேண்டும். சாக்கடையைப் பிள்ளைகளின் மைதானத்துக்கு அனுப்பக் கூடாது. செங்குத்தாக வெட்டாமல் படிப்படியாகச் சரித்தால் தவறி விழுந்தவரும் ஏறி வரலாம். ஆழத்தைவிட வேகம் ஆபத்து: அரையடித் தண்ணீரே வேகமாக ஓடினால் பெரியவர்களைச் சாய்த்துவிடும். குழி நல்லதுதான், கோடையில் கிணற்றுக்கு உதவும். ஐப்பசி, கார்த்திகையில் வயற்காட்டு மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும். அப்போது குழி நிறைந்து அப்படியே நிற்கும்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் லோடு லோடாகச் செம்மண் அடித்து மனையை உயர்த்திவிட்டார். நானும் உயர்த்தட்டுமா?
— ஒரு வாசகர், சுசீந்திரம்

பதில்: மனையை வேண்டாம், வீட்டுத் தளத்தை உயர்த்துங்கள். தரை தாழ்வாகவே இருந்தால் தண்ணீர் சுற்றிப் போகும். நீங்களும் மண்ணடித்தால் அடுத்தவர் வீட்டுக்குப் போகும், அவரும் லாரி பிடிப்பார். காம்பவுண்டுச் சுவரின் அடியில் இரண்டு மூன்று இடத்தில் திறப்பு விடுங்கள். மோட்டார் ஸ்விட்ச், மீட்டர் பெட்டி இரண்டையும் இதுவரை ஏறிய வெள்ள மட்டத்துக்கு மேலே மாற்றுங்கள், இந்த ஐப்பசிக்கு முன்.