செமி-ஆட்டோவுக்கு மருந்து தேர்ந்தெடுப்பது

டெக்சாஸில் மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் நான் எடுத்துப் போவது .30-06 தோட்டா போடும் பிரௌனிங் பார் செமி-ஆட்டோ ரைஃபிள். தோட்டாக்களை வீட்டிலேயே ரீலோட் செய்துகொள்கிறேன். இதில் புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எந்த மருந்தில் வேகம் அதிகம் கிடைக்கும்?" என்பதுதான். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வைத்திருப்பவர் தாராளமாகக் கேட்கலாம். செமி-ஆட்டோவுக்கு வேறு கணக்கு.

இங்கே மருந்துக்கு இரண்டு வேலை. குண்டைத் தள்ள வேண்டும். அதன் வாயு குழலில் உள்ள சிறு துளை வழியாகப் போய் பிஸ்டனை உதைத்து, போல்ட்டைத் திறந்து, காலிக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவையும் ஏற்றவைக்க வேண்டும். குண்டு அந்தத் துளையைத் தாண்டும்போது குழலுக்குள் எவ்வளவு அழுத்தம் மிச்சமிருக்கிறது என்பதில் எரிவேகத்துக்குப் பெரிய பங்கு. .30-06க்கு சேம்பரில் அனுமதிக்கப்பட்ட உச்சம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. இரண்டு மருந்துகள் அதற்குள் ஒரே உச்சத்தைத் தொட்டாலும், மெதுவாக எரிவது குழலின் முனைப்பக்கப் பாதியிலும் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். கையேட்டின்படி தோட்டா பத்திரமானதுதான். அடி வாங்குவது ரைஃபிளின் இயங்கும் பாகங்கள்.

அதைக் காட்டிக்கொடுப்பது காலிக் கூடு. அழுத்தம் இறங்குவதற்குள் போல்ட் திறந்தால், பித்தளை இன்னும் சேம்பர் சுவரைப் பற்றிக்கொண்டிருக்கும்போதே எக்ஸ்ட்ராக்டர் அதைப் பிடித்து இழுக்கும். சுட்டு முடித்ததும் கூடுகளைப் பொறுக்கி, அடிவிளிம்பை நகத்தால் சுற்றித் தடவிப் பார்ப்பேன். எக்ஸ்ட்ராக்டர் பிடித்த இடத்தில் மட்டும் விளிம்பு வெளிப்பக்கமாக வளைந்திருந்தால், கூடும் வழக்கத்தைவிட தூரமாகப் போய் விழுந்திருந்தால், அந்த மருந்து அந்த ரைஃபிளுக்கு ஆகாது.

இதைக் கடுமையாகச் சொல்லித்தருவது எம்1 கேரண்டு. 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட இந்த ரைஃபிளை இன்றும் வேட்டைக்கு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இதில் துளை குழலின் முனையருகே இருக்கிறது. அங்கிருந்து போல்ட் வரை நீளமான ஆபரேட்டிங் ராடு. மெதுவான மருந்தும் கனமான குண்டும் சேர்ந்தால் அந்த ராடு வளையக்கூடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் 4895, 4064 மருந்துகள் பக்கத்திலேயே நிற்கிறார்கள்.

என் பாருக்கும் 150, 165 கிரெயின் குண்டுகளும், 4895இலிருந்து வார்கெட் வரையிலான நடுத்தர மருந்துகளும் போதும். 180 கிரெயினும் 4831உம் போல்ட் ஆக்‌ஷனுக்கு. வேகம் கொஞ்சம் குறையும், உண்மைதான். 150 கஜத்துக்குள் நிற்கிற பன்றிக்கு அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை.

அதற்காக மறுகோடிக்கும் போகக் கூடாது. வேகமாக எரியும் மருந்து உச்ச அழுத்தத்தைச் சீக்கிரம் எட்டிவிட்டு, துளைக்கு வரும்போது சோர்ந்துவிடும். போல்ட் பாதி தூரம் போய்த் திரும்பும். அடுத்த தோட்டா ஏறாது. அளவைக் குறைத்தாலும் அப்படித்தான். ஹாட்ஜ்டன் நிறுவனம் எச்4895ஐ உச்ச அளவின் 60 சதவீதத்துக்குக் கீழே போகாமல் குறைத்துப் போட வழி சொல்கிறது. சிறுவர்களுக்குத் தோள் வலிக்காத அருமையான தோட்டா அது. ஆனால் செமி-ஆட்டோவை அது ஒழுங்காக இயக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எரிவேகப் பட்டியலை நம்பி அளவு போடவே போடாதீர்கள். அது வெறும் வரிசை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்று அதில் இருக்காது. ஐஎம்ஆர் 4895உம் எச்4895உம் பெயரில் ஒன்று, மருந்தில் வேறு. டப்பாவில் உள்ள முழுப்பெயரைப் படித்து, அதற்கென்று கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்துதான் ஏறவேண்டும்.

ஒவ்வொரு படியிலும் மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுவேன். போல்ட் பின்னாலேயே நின்றுவிட்டால் வாயு போதுமானது. ஆகஸ்ட் வெயிலில் நின்றது டிசம்பர் விடியற்காலையிலும் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் மீதிக் கூடுகளில் மருந்து போடுவேன்.