மடியில் வைத்துக்கொள்ளத் தக்க மடக்குக் கத்தி

விவசாயக் கருவிகளைப் பற்றிப் பேசப் புகுவோர் கலப்பை, மண்வெட்டி, அரிவாள், களைக்கொத்து முதலியவற்றைக் குறித்து விரிவாகப் பேசுவர். குடியானவரின் மடியிலோ சட்டைப் பையிலோ கிடக்கும் மடக்குக் கத்தியைக் குறித்து எவரும் பேசுவதில்லை. ஆயினும் ஒரு நாளில் அதிகத் தடவை கைக்கு வரும் கருவி அதுவேயாம். உர மூட்டையின் தையலைப் பிரித்தல், சணல் நூலையும் நைலான் கயிற்றையும் அறுத்தல், பருத்திக் காயைக் கீறி உள்ளிருக்கும் புழுவைப் பார்த்தல், வாடிய கிளையைச் சீவி நோய் எதுவரை இறங்கியிருக்கிறது என்று அறிதல், இவை யாவும் அதன் வேலை. கிராம அதிகாரிகளுக்கும் கட்டுகளைப் பிரிக்கவும் அளவு முளைகளைச் சீவவும் அது வேண்டியிருக்கிறது. இவ்வளவு உபயோகமுள்ள பொருளை நம்மவர் திருவிழாக் கடையில் மினுமினுப்பைக் கண்டு வாங்கிவிடுகின்றனர்.

நானும் அவ்வாறு வாங்கியவனே. சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்து மழை இரவில் என் தொழுவத்தில் எட்டு மாதக் கன்று ஒன்று கயிற்றைக் கட்டுத்தறியில் சுற்றிக்கொண்டு கழுத்து இறுகிக் கிடந்தது. சத்தம் கேட்டு ஓடினேன். முடிச்சு நனைந்து இறுகியிருந்தபடியால் விரலால் அவிழ்க்க முடியவில்லை. மடியில் கத்தி இருந்தது. ஆனால் அதன் கீல் துருவேறிப் பிடித்திருந்தது. நகக்குழியில் நகத்தைக் கொடுத்து இழுத்ததில் நகம் பெயர்ந்ததேயன்றி அலகு அசையவில்லை. வீட்டிலிருந்து அரிவாள் வந்து சேர்வதற்குள் கன்று இறந்துவிட்டது. அந்தக் கத்தியின் அலகு நல்ல எஃகு என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அது பொய்யன்று, எஃகு நல்லதுதான். கீல் நன்றாயில்லை, நானும் அதைக் கவனிக்கவில்லை.

மடக்குக் கத்தியின் பலவீனமான இடம் அதன் கீலே என்பதை வாங்குவோர் முதலில் மனத்தில் கொள்ளவேண்டும். அரிவாளும் வெட்டுக்கத்தியும் கைப்பிடிக்குள் காம்பு இறங்கிய ஒரே துண்டு. மடக்குக் கத்தியோ ஓர் ஆணியைப் பற்றிச் சுழலும் இரண்டு உறுப்புகள். வேலையின் பாரம் முழுவதும் அந்த ஆணியின்மேல் விழுகிறது. ஆகையால் வேண்டிய கணத்தில் திறக்கிறதா, திறந்தபின் வேலை முடியும்வரை திறந்தபடியே நிற்கிறதா என்ற இரண்டையும் சோதித்த பிறகே மற்றவற்றைப் பார்ப்பது உசிதம்.

சோதிக்கும் முறையாவது: கத்தியைத் திறந்து, கைப்பிடியை ஒரு கையால் இறுகப் பற்றி, மறு கையால் அலகை அதன் தட்டையான பக்கங்களில் பிடித்து இடவலமாக அசைத்துப் பார்க்கவேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் அதை வாங்கலாகாது. புதிதாயிருக்கும்போதே ஆடுவது ஆறு மாதத்தில் கழன்றுவிடும். அடுத்து, மெல்லத் திறந்து மூடவேண்டும். நல்ல கத்தியில் ஆரம்பம் முதல் இறுதிவரை ஒரே அளவு பாரம் தெரியும். கடைசியில் ‘டக்’ என்ற ஓசையுடன் உட்காரும். பிறகு மூடிய கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், அலகின் வாய் உள்ளிருக்கும் வில் தகட்டைத் தொடாமல் நிற்கவேண்டும். தொட்டால் ஒவ்வொரு தடவை மூடும்போதும் கூர் மழுங்கும். கீலின் இருபுறமும் கைப்பிடியின் தலையில் பித்தளை அல்லது எஃகுப் பூண் இருப்பது நலம். வெறும் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஆணியை அடித்து நிறுத்திய கத்திகள் எழுதுகோல் சீவுவதற்குப் போதும், அதற்குமேல் பயன்படா.

இனி, திறந்த அலகைத் திறந்தபடி நிறுத்தும் அமைப்பு. பழைய பேனாக்கத்திகளில் முதுகிலுள்ள வில் தகடு அலகின் அடியை அழுத்திப் பிடிக்கும். வேறு பூட்டு இல்லை. சுவிட்சர்லாந்து தேசத்தில் கார்ல் எல்ஸனர் என்பவர் 1884-இல் தொடங்கிய பட்டறை, 1891-இல் அந்நாட்டுப் படையினருக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தது. இன்று விக்டோரினாக்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் விற்கும் அக்கத்திகளிற் பலவும் இவ்வகையே. அறுக்கும் வேலைக்கு இது போதுமானது. ஏனெனில் அறுக்கும்போது பாரம் அலகைத் திறக்கும் திசையில்தான் விழுகிறது. குத்தித் துளையிடும் வேலைக்கோ இது ஆபத்தானது. முனை சிக்கிக்கொண்டு கை முன்னே போனால் அலகு மடங்கி விரலின்மேல் மூடும். எனக்குத் தெரிந்த பண்ணையாள் ஒருவர் தோல்வாரில் துளை போடும்போது இவ்வாறு நேர்ந்து, சுட்டுவிரலின் நரம்பு அறுபட்டது. காயம் ஆறிற்று. ஆனால் விரல் மடங்குவதில்லை. நாற்றுப் பறிக்கவும் பால் கறக்கவும் அவரால் இயலாது போயிற்று.

ஆதலின் வயல் வேலைக்குப் பூட்டுள்ள கத்தியே தக்கது என்பது என் அபிப்பிராயம். பூட்டுகளில் எளியது வளையப் பூட்டு. பிரெஞ்சு தேசத்தின் ஸவ்வா மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890-இல் மரக் கைப்பிடியுள்ள ஒரு கத்தியைச் செய்தார். அங்குள்ள குடியானவர்கள் அதை விரும்பி வாங்கினர். 1955-இல் அதன் தலையில் திருப்பக்கூடிய எஃகு வளையம் ஒன்று சேர்க்கப்பட்டது. வளையத்தைச் சிறிது திருப்பினால் அதன் பிளவு விலகி, அலகு மூடவொட்டாமல் தடுக்கப்படும். கெடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அது மரப்பிடி ஆனபடியால், சேற்று வயலில் நாளெல்லாம் நனைந்தால் மரம் ஊதி அலகை இறுகப் பற்றிக்கொள்ளும். என் கன்றுக்கு நேர்ந்தது போன்ற சமயத்தில் இதுவும் திறவாது. புன்செய்க்காரருக்கு நல்லது, நன்செய்க்காரர் யோசித்து வாங்கவேண்டும்.

மற்றொரு வகையில் முதுகுத் தகடே ஒரு நெம்புகோல் போல அமைந்து, அலகின் அடியிலுள்ள வெட்டில் விழுந்து பூட்டிக்கொள்ளும். பின்புறத்தை அழுத்தினால்தான் விடும். நெல் வயலுக்கும் தோட்டத்துக்கும் இதை நான் சிபாரிசு செய்வேன். வேறொரு வகையில் கைப்பிடியின் உட்புறத்துப் பக்கத் தகடு வளைந்து வந்து அலகின் அடியைத் தாங்கும். ஒரு கையால் திறந்து மூட வசதியாயினும், அத்தகட்டின் பின்னே மண்ணும் உமியும் அடைந்தால் முழுவதும் வந்து தாங்காது. எந்தப் பூட்டாயினும், வாங்குமுன் விரல்களை அலகின் வழியிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, திறந்த கத்தியின் முதுகை ஒரு பலகையின்மேல் மெதுவாக இரண்டு மூன்று தடவை தட்டிப் பார்க்கவேண்டும். பூட்டு விட்டுக்கொடுத்தால் அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம்.

எஃகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. சாதாரணக் கரி எஃகு கல்லில் விரைவில் தீட்டுக்கு வரும், மாம்பாலும் எலுமிச்சைச் சாறும் பட்டால் கறுக்கும், வியர்வையில் துருவேறும். சுமார் 12 சதவீதத்துக்குமேல் குரோமியம் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகு தீட்டுவதற்குச் சற்று நேரம் கொள்ளும், பராமரிப்புக் குறைவு. நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற உப்புக் காற்றுப் பிரதேசங்களில் பின்னதே நலம். உள்நாட்டில் எண்ணெய் போடச் சோம்பாதவர்க்கு முன்னது. கடினத்தை அறிய, வாயின் அடிமூலையில் சிறு அரத்தை மெல்ல வைத்து இழுத்தால், மிருதுவான எஃகில் அரம் கடிக்கும். நல்ல பதமுள்ளதில் வழுக்கும்.

இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்து எஃகுக்கு நம் நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு என்பதை இங்கே குறிப்பிடலாம். சேலத்து இரும்புத் தாதுவைக் கொண்டு பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவரே, வார்ப்பு எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர். அம்முறையால் ஷெபீல்டார் பெரும் லாபம் அடைந்தனர். அவருக்கு மிஞ்சியது வழக்குச் செலவே.

நம் கொல்லர்கள் லாரி வில் பட்டையை அடித்து அருமையான அரிவாள் செய்கின்றனர். திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயர் யாவரும் அறிந்தது. ஆயினும் மடக்குக் கத்தியின் கீலையும் வில்லையும் மயிரிழை பிசகாமல் பொருத்துவது வேறு தொழில். அதில் பழகிய கொல்லர் கிடைத்தாலன்றி ஆலையில் செய்ததை வாங்குவதே மேல்.

அலகின் நீளம் 3 அங்குலம், அதாவது 7 அல்லது 8 சென்டிமீட்டர், போதுமானது. நீளம் கூடக்கூட கீலின்மேல் நெம்பும் பாரமும் கூடும். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளில், 9 அங்குலத்துக்கு மேற்பட்ட நீளமோ 2 அங்குலத்துக்கு மேற்பட்ட அகலமோ உள்ள அலகுடைய கத்திகள் ஆயுத வகையில் சேர்க்கப்பட்டு, வீட்டு வேலை, விவசாயம் முதலியவற்றுக்கென்று அமைந்தவை அதிலிருந்து விலக்கப்பட்டிருக்கின்றன. நாம் சொல்லும் கத்தி அந்த அளவுக்கு வெகு தூரம் உட்பட்டது. எனினும் பொத்தானை அழுத்தியவுடன் பாய்ந்து திறக்கும் கத்தி குடியானவருக்கு வேண்டியதில்லை. அது வீண் சந்தேகத்துக்கு இடமாகும். விமானத்தில் ஏறுவோர் எந்தக் கத்தியையும் கைப்பையில் வைத்துக்கொள்ளலாகாது.

கைப்பிடியின் கடைசியில் கயிறு கோக்க ஒரு துளை இருக்கவேண்டும். அதில் ஒரு முழக் கயிறு கட்டி அரைஞாணிலோ இடைவாரிலோ மாட்டிக்கொண்டால், நடவு வயலில் குனியும்போது கத்தி சேற்றில் விழுந்து போகாது. கறுப்புப் பிடியைவிடச் சிவப்பும் மஞ்சளும் மேல். சருகுக்கிடையே விழுந்தாலும் கண்ணில் படும். இதை அழகுக்காகச் சொல்லவில்லை. மூன்று கத்திகளைத் தொலைத்தவன் சொல்லுகிறேன்.

தீட்டுவதற்குச் சக்கரச் சாணை உதவாது. உலர்ந்த சக்கரத்தில் பிடித்தால் வாய் சூடேறி நீலநிறம் காணும். அந்நிறம் கண்ட இடத்தில் பதம் போய்விட்டது என்று அறிக. சொரசொரப்பும் நயமுமாக இருபக்கமுள்ள கல் ஒன்று போதும். கத்தியைக் கல்லின்மேல் நெட்டாக நிறுத்தி, பாதி சாய்த்து, அதையும் பாதியாகச் சாய்த்தால் ஏறக்குறைய 22 பாகை வரும். அந்தச் சாய்வை விடாமல் இருபுறமும் தீட்டவேண்டும். ஆனால் மொட்டு ஒட்டுக் கட்டும் கத்திக்கு இம்முறை பொருந்தாது. அது ஒரு பக்கம் மட்டும் தீட்டப்பட்டது. மறுபக்கம் தட்டையாயிருந்தால்தான் வெட்டு வாய்கள் இடைவெளியின்றிப் பொருந்தும். சாக்குப் பிரிக்கும் கத்தியால் ஒட்டுக் கட்டிவிட்டு, ஒட்டுப் பிடிக்கவில்லை என்று நாற்றங்காலைக் குறை சொல்வோர் பலர்.

மற்றொன்று முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. கத்தி நோயையும் சுமந்து செல்லும். எலுமிச்சை, சாத்துக்குடி வகைகளில் அடிமரப் பட்டையை உரித்து மரத்தைக் குறுகச் செய்யும் எக்ஸோகார்ட்டிஸ் என்ற நோய், ஒரு மரத்தை வெட்டிய கத்தியாலேயே அடுத்த மரத்துக்குப் போகிறது. கத்தியைத் தீயில் காட்டுவது இதற்குப் போதாது. கடையில் விற்கும் சலவைத் திரவமாகிய சோடியம் ஹைப்போகுளோரைட்டு 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர் சேர்த்து, மரத்துக்கு மரம் அதில் கத்தியை நனைக்கவேண்டும். புகையிலையை நறுக்கிய கத்தியால் தக்காளி, மிளகாய்ச் செடிகளைக் கிள்ளுவதும் தேமல் நோயைக் கொண்டுபோய் வைப்பதாகும். மேற்படி திரவம் எஃகை அரிக்குமாதலால், வேலை முடிந்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் இடுக.

கீலுக்குத் தேங்காயெண்ணெய் கூடாது. மார்கழிக் குளிரில் உறையும், பிசுக்குப் பிடித்து மண்ணைச் சேர்க்கும். தையல் இயந்திர எண்ணெய் இரண்டு துளி போதும். இறுகிய கீலை மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவைத்து, பல முறை திறந்து மூடி அழுக்கை வெளியேற்றியபின் எண்ணெய் இடவேண்டும். இதை மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையும் மற்றக் காலத்தில் மாதம் ஒரு முறையும் செய்து வருகிறேன். இப்போது தொழுவத்துத் தூணில் உறையுடன் தனியே ஒரு கத்தி மாட்டியிருக்கிறது. அது மடக்காத கத்தி.

கத்தி விரலில் பட்டுவிட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிவிட்டு இருந்துவிடலாகாது. சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டவேண்டும். காயம் ஆழமாயிருந்தாலோ, எருவும் மண்ணும் பட்டிருந்தாலோ, இசிவு நோய்த் தடுப்பு ஊசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேலாயிருந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று மறுபடியும் போட்டுக்கொள்ளவேண்டும். முன்பு எப்போது போட்டது என்பது நினைவில்லாதவரும் அவ்வாறே செய்க. விரலை மடக்க முடியாமற்போனாலோ நுனி மரத்துப்போனாலோ, மேலே தையல் போட்டால் மட்டும் போதாது. நரம்பைச் சேர்த்துத் தைக்கும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குத் தாமதியாமல் போகவேண்டும்.