கணிப்பொறியில் கோப்பைத் தேடும் முறை

ஊர் ஊராக மாற்றலாகிப் போகும் நம் குடும்பங்களில் முன்பெல்லாம் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பிறப்புச் சான்று, மார்க் ஷீட், இன்ஷூரன்ஸ் பத்திரம் எல்லாம் அதற்குள் கிடைத்துவிடும். இப்போது பல காகிதங்களின் நகல் கணிப்பொறிக்குள் போய்விட்டது. அது எங்கே இருக்கிறது என்பது வீட்டில் பெரும்பாலும் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் நோயில் படுத்துவிட்டாலோ காலமாகிவிட்டாலோ, குடும்ப பென்ஷனுக்கு மனுப் போடும் நேரத்தில் பென்ஷன் ஆர்டர் நகலைத் தேடி மனைவி மக்கள் திண்டாடுகிறார்கள். ஆகவே இப்பாடத்தைக் குடும்பத்துடன் படிக்க வேண்டுகிறேன். விண்டோஸ் கணிப்பொறிக்கான முறை இது.

1. கருப்புத் திரை

விண்டோஸ் சின்னம் உள்ள விசையை அழுத்திக்கொண்டு ஆர் எழுத்தைத் தட்டுங்கள். ஒரு சிறு பெட்டி தோன்றும். அதில் கல்கத்தாவின் சி, மதுரையின் எம், டெல்லியின் டி ஆகிய மூன்று எழுத்துகளை அடித்து என்டர் தட்டினால் கருப்புத் திரை வரும். அச்சம் வேண்டாம். கீழே தந்துள்ள கட்டளைகள் பார்க்க மட்டுமே செய்யும்; எதையும் அழிக்கா.

2. பெயரால் தேடுதல்

இங்கே தமிழ் எழுத்தில் தந்திருப்பதை ஆங்கில எழுத்தில் அடிக்கவும்:

டிஐஆர் *பென்ஷன்* /எஸ் /பி

டெல்லியின் டி, இந்தூரின் ஐ, ராஞ்சியின் ஆர்: இது டைரக்டரி என்பதன் சுருக்கம். நட்சத்திரக் குறிக்கு, "இவ்விடத்தில் எந்த எழுத்து இருந்தாலும் சரி" என்று பொருள். சேலத்தின் எஸ் மிக முக்கியம். அதைச் சேர்க்காவிட்டால் கணிப்பொறி ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் பார்க்கும். சேர்த்தால் அதற்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழைந்து பார்க்கும்; யார்டில் ஒரு லைன் விடாமல் நடந்து வேகன் நம்பர் பார்ப்பது போல. பரோடாவின் பி, கோப்பு இருக்கும் முழு வழியையும் ஒரே வரியில் காட்டும். சாய்கோடு, கேள்விக்குறி உள்ள விசையில் இருப்பது.

/எஸ் என்னும் இவ்வசதி 1991-இல் டாஸ் 5-உடன் வந்தது; இன்றும் வேலை செய்கிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லை. ஸ்பெல்லிங்கில் சந்தேகமா? உறுதியாகத் தெரிந்த துண்டை மட்டும் நட்சத்திரங்களுக்கு நடுவே கொடுங்கள். பெயரில் இடைவெளி இருந்தால், நட்சத்திரங்களையும் சேர்த்து இரட்டை மேற்கோள் குறிக்குள் அடிக்கவும்.

3. பெயரே நினைவில்லையா?

டிஐஆர் *.பிடிஎஃப் /எஸ் /பி

எல்லா பி.டி.எஃப். கோப்புகளும் வரிசையாக வரும். கிடைக்காவிட்டால் வேறு டிரைவில் இருக்கலாம். டெல்லியின் டி எழுத்தும் முக்காற்புள்ளியும் அடித்து என்டர் தட்டி, அந்த டிரைவிலும் தேடுங்கள். பென் டிரைவுக்கும் அதன் எழுத்தைக் கொண்டு இப்படியே செய்யலாம்.

4. உள்ளே உள்ள சொல்லால் தேடுதல்

ஃபைண்ட்எஸ்டிஆர் /எஸ் /ஐ /எம் பென்ஷன் *.டிஎக்ஸ்டி

நோட்பேடில் எழுதிய குறிப்புகளுக்குள் அச்சொல் இருந்தால் அந்தக் கோப்பின் பெயரைக் காட்டும். ஆனால் ஸ்கேன் செய்த காகிதம் வெறும் படம். அதில் உள்ள எழுத்தை இக்கட்டளை படிக்காது. வேர்டு கோப்புக்கும் இது உதவாது.

5. பெயர் வைத்தல்

ஆகவே நாம் வைக்கும் பெயர்தான் விலாசம். ஸ்கேன்0001 என்று இயந்திரம் வைத்த பெயரை அப்படியே விட்டுவிட்டால் பென்ஷன் என்று எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. யாருடையது, என்ன காகிதம், எந்த வருடம் என்ற மூன்றும் பெயரில் இருக்கட்டும். உதாரணம்: அப்பா-பென்ஷன்ஆர்டர்-2009. இதை ஆங்கில எழுத்தில், வீட்டார் எல்லாரும் ஒரே ஸ்பெல்லிங்கில் எழுதப் பழகுவது நல்லது.

பயிற்சி

வரும் ஞாயிற்றுக்கிழமை மனைவியையோ மகளையோ மகனையோ கணிப்பொறி முன் உட்கார வையுங்கள். பென்ஷன் ஆர்டர், இன்ஷூரன்ஸ் பாலிசி, வீட்டுப் பத்திரம் மூன்றையும் அவர்களே தேடட்டும். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. கிடைக்காத கோப்புக்கு அன்றே சரியான பெயர் வையுங்கள். கணிப்பொறியின் பாஸ்வேர்டையும் இக்கட்டளைகளையும் ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, பீரோவில் வைத்துவிடுங்கள். அசல் காகிதங்கள் தகரப் பெட்டியிலேயே இருக்கட்டும்.