தபாலில் படித்து வைத்தியர் ஆகலாமா?

கேள்வி: விவசாயக் குடும்பம். மூலிகைகளில் ஈடுபாடு அதிகம். தொலைநிலைக் கல்வியில் படித்து வைத்தியர் ஆக முடியுமா? எந்தப் படிப்பில் சேரலாம்?
– வாசகர், திருவையாறு

பதில்: தாராளமாகப் படியுங்கள். ஆனால், தொலைநிலைச் சான்றிதழை வைத்து நோயாளிக்கு மருந்து கொடுக்க முடியாது. அதற்கு ஐந்தரை ஆண்டு பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டப் படிப்பும் முறையான பதிவும் வேண்டும். தகுதியும் பதிவும் இல்லாதவர்கள் பாரம்பரிய வைத்தியம் செய்ய முடியாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. ‘ஆறே மாதத்தில் டாக்டர்’ என்று ஆசை காட்டும் இடத்தின் பக்கமே போகாதீர்கள்.

மூலிகை வளர்க்கவும் விற்கவும் வீட்டுக்குப் பயன்படுத்தவும் என்றால், தொலைநிலைப் படிப்புக்குப் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: நேரடிச் செய்முறை வகுப்பு உண்டா? செடியைக் கையில் கொடுத்து அடையாளம் காட்டுவார்களா? உங்கள் வரப்பிலேயே கீழாநெல்லியும், அதே சாயலில் தண்டு சிவந்த இன்னொரு இனமும் வளரும். கீழாநெல்லிக் காய் சிறு காம்பில் தொங்கும். மற்றதில் காம்பே தெரியாமல் ஒட்டியிருக்கும். படத்தைப் பார்த்து இதைப் பிடிக்க முடியாது.

கூடவே, தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்த ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ வரிசையையும் படியுங்கள். மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்து மருத்துவ அறிவு அதில் இருக்கிறது. மருந்தாகக் கொடுப்பதை மட்டும் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.