மாத்திரை தந்த விழிப்பு



"அண்ணா, மூளைக்கு ஏதாவது மாத்திரை இருக்கா? பரீட்சை வருது." போன மாதம் ஒரு தம்பி என்னிடம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல்கலைக்கழக இறுதியாண்டில் நானும் அதைத் தேடி அலைந்தவன்தான்.

இவற்றை 'நூட்ரோபிக்' என்பார்கள். 1972-இல் ருமேனிய விஞ்ஞானி கொர்னேலியு ஜுர்ஜியா வைத்த பெயர். இன்று கோப்பியில் உள்ள காஃபின் முதல் மூலிகை வரை எல்லாவற்றுக்கும் இந்தப் பெயரை ஒட்டி விற்கிறார்கள்.

நான் வாங்கியது 200 மில்லிகிராம் காஃபினும், தேயிலையில் இருக்கும் எல்-தியனினும் சேர்ந்த மாத்திரை. முதல் வாரம் சூப்பர்! இரவு 9 மணிக்குப் போட்டால் 2 மணி வரை தூக்கமே வராது. ஆனால் அந்த நேரத்தில் என்ன செய்தேன் தெரியுமா? ஆய்வறிக்கையின் அட்டைக்கு நிறம் தேடினேன்! புதிய யோசனை ஒன்றுகூட வரலை. மாத்திரை விழிப்பைத் தந்தது. மனதை எதில் வைப்பது என்று அது சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் இரண்டு மாத்திரை. போதாதென்று மாமாக் கடையில் கோப்பி-ஓ வேறு. ஆய்வைப் படைக்க வேண்டிய நாள் காலையில் நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. நானே எழுதிய வரிகள் எனக்கே மறந்து போயின. அன்று மாலை கிளினிக்கில் டாக்டர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபின்தான் எல்லை. என் இரண்டு மாத்திரையே அதைத் தொட்டுவிட்டது. உடம்பில் போன காஃபினில் பாதி குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகுமாம். படித்தது மனதில் பதிவது தூக்கத்தில்தான். நான் அந்தத் தூக்கத்தையே விரட்டியிருக்கிறேன்!

"அப்போ மூலிகை நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். நாம் பெகாகா என்று உலாமில் சாப்பிடும் வல்லாரை வேறு, நீர்ப்பிரமி வேறு. இரண்டையுமே 'பிரம்மி' என்ற பெயரில் விற்பதுண்டு. நீர்ப்பிரமியைப் பற்றிய ஆய்வுகள் பலவற்றில் அதைத் தினமும் 12 வாரம் கொடுத்துத்தான் சோதித்தார்கள். பரீட்சைக்கு முதல் நாள் விழுங்கி என்ன பயன்?

பதஞ்சலியின் யோக சூத்திரம் நான்காம் பாதத்தின் தொடக்கத்தில், சித்தி பெறும் ஐந்து வழிகளில் மூலிகையையும் சேர்க்கிறது. ஆக, மூலிகையை நம் நூல்கள் ஒதுக்கவில்லை. ஆனால் மூன்றாம் பாதம் தாரணைக்குச் சொல்லும் விளக்கம், மனதை ஓரிடத்தில் கட்டி நிறுத்துவது. கட்ட வேண்டியவர் நாம்தானே?

இப்போது நான் செய்வது இதுதான்: கைப்பேசி வேறு அறையில், மேசையில் ஒரே ஒரு பாடம், 25 நிமிடம். பிறகு கொஞ்சம் நடை. இரவு 11 மணிக்குத் தூக்கம். நல்ல யோசனைகள் பெரும்பாலும் நடக்கும்போதுதான் வருகின்றன.

எதையாவது வாங்கத்தான் வேண்டுமென்றால், மலேசியாவில் 'எம்.ஏ.எல்.' பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்தாளரிடம் கேளுங்கள். இதயக் கோளாறு உள்ளவர்களும் வேறு மருந்து சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

அந்தத் தம்பியிடம் நான் திருப்பிக் கேட்டேன்: "எத்தனை மணிக்குத் தூங்குறீங்க?"

"மூணு மணி ஆயிடும் அண்ணா."

"அப்போ முதல்ல அதைச் சரி பண்ணுவோம், தம்பி."

நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்?